பணி ஓய்வுக்குப் பிறகு மூளைக்கு உண்மையான வேலை தரும் படிப்பு எது? கல்வெட்டு வாசிப்பு, எங்கிருந்து தொடங்குவது

உங்கள் கேள்வி இது: ஓய்வு பெற்ற பின் சுடோகு, குறுக்கெழுத்து, யூடியூப் சொற்பொழிவு என்று நாள் போகிறது, ஆனால் எதுவும் மனதில் தங்குவதில்லை. அறிவுக்குத் தீனி போடும்படி, பல ஆண்டுகள் தொடரக்கூடியதாக எதைக் கற்கலாம்?

சொற்பொழிவு கேட்பது நல்ல பொழுது. ஆனால் கேட்கும்போது புரிந்துவிட்டதாலேயே கற்றுவிட்டோம் என்று தோன்றிவிடும். மறுநாள் அதில் ஐந்து வரியைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள், எவ்வளவு நின்றது என்று தெரியும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயதுள்ளவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக் கலை, ஒட்டுத்துணித் தையல் போன்ற புதிய, கடினமான வேலையைக் கற்றார்கள். இன்னொரு பிரிவினர் கூடிப் பேசினார்கள், சுற்றுலா போனார்கள். நினைவாற்றல் கூடியது புதிதாகக் கற்றவர்களுக்குத்தான். ஆக, தெரிந்ததைத் திரும்பச் செய்வது போதாது. தப்பு வர வேண்டும், அந்தத் தப்பு நமக்கே தெரிய வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பொருத்தமாக, தமிழ் தெரிந்தவர் எவருக்கும் நான் சொல்வது கல்வெட்டு வாசிப்பு. மொழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. எழுத்து மட்டும் புதிது. செலவு அநேகமாக இல்லை. எல்லாவற்றையும் விட, நீங்கள் வாசித்தது சரியா என்று ஒப்பிட அச்சிட்ட பாடம், அதாவது கல்லில் உள்ளதை அறிஞர்கள் வாசித்து அச்சிட்ட வடிவம், இருக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் 11ஆம் நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயில். கீழடிச் செய்திகளைப் படித்துவிட்டு நேராகத் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமிக்குப் போக ஆசை வரும். அந்த எழுத்துகளைச் சில நாளிலேயே கற்றுவிடலாம், ஆனால் பானை ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு சொற்கள். முன்பின் வாக்கியம் இல்லாததால் தப்பாக வாசித்தாலும் தெரியாது. வளைந்த வடிவங்கள் கொண்ட இன்னொரு பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தும் பிறகுதான். தஞ்சைக் கோயிலின் அடித்தளத்தில் எழுத்துகள் ஆழமாக, வரிசையாக, நீண்ட வாக்கியங்களாக இருக்கின்றன. அவற்றின் பாடம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தொல்லியல் துறையின் பல நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பார்க்கலாம்.

முதல் வாரத்திலேயே எல்லாரையும் தடுக்கி விழ வைப்பவை சில உண்டு. சோழர் காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இருக்காது, ஆகவே தேவர் என்பது 'தெவர', கோயில் என்பது 'கொயில' என்றுதான் தோன்றும். துணைக்கால் ரகரத்தைப் போலவே இருக்கும்: 'உடையார்' என்ற சொல் கண்ணுக்கு 'உடையரர' என்று படும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, வரி முடிந்தால் சொல் பாதியில் உடையும். 'ஸ்வஸ்திஸ்ரீ', 'ராஜராஜ' போன்றவற்றில் வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துகள் நடுவே வரும். தேய்ந்த இடத்தில் ப, ய, வ மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. வாக்கியம் எங்கே போகிறது என்று ஊகித்து, பிறகு எழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மூளைக்கு வேலை என்பது இதுதான்.

அன்றாடம் 40 நிமிடம் போதும், வாரம் ஐந்து நாள். முதல் 10 நிமிடம் எழுத்து அட்டைகள். அட்டவணையைப் பார்த்து வரையாதீர்கள், கல்லின் புகைப்படத்திலிருந்து எழுத்தைப் பார்த்து ஓர் அட்டையில் வரையுங்கள், பின்புறம் இன்றைய வடிவம். ஒரு நாளைக்கு நான்கைந்து புதிய அட்டைக்கு மேல் வேண்டாம். மூன்று பெட்டி வையுங்கள்: முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டினார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் பார்க்காமல் நினைவுகூர்ந்தால்தான் அது நிற்கும். பலமுறை திரும்பப் படிப்பதைவிட இது பலன் தரும் என்று உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் சோதனை செய்தே காட்டினார்கள்.

மீதி 30 நிமிடம் கல்லின் படத்தில் இரண்டு வரி. அச்சுப் பாடத்தை மூடி வையுங்கள். கண்டதைக் கண்டபடி, புள்ளியில்லாமல், வரிக்கு வரி நோட்டில் எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு கோடு. அடுத்த வரியில் சொல் பிரித்து எழுதுங்கள். அதன் பிறகே புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்துங்கள். அச்சில் சதுர அடைப்புக்குள் இருப்பவை பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தில் ஊகித்தவை, அவற்றைத் தப்பாகக் கணக்கிட வேண்டாம். எந்த எழுத்தில் அடிக்கடி தவறுகிறதோ அதற்கு இரண்டாவது அட்டை போடுங்கள். பாடத்தை முதலில் படித்துவிட்டுக் கல்லைப் பார்த்தால் எல்லாமே தெளிவாகத் தெரியும், ஒன்றும் கற்க மாட்டீர்கள். பலர் கைவிடுவதற்குக் காரணம் இந்தக் குறுக்குவழிதான்.

முதல் பயிற்சிக்கு இராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை எடுங்கள். 'நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று தொடர்ந்து, எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் (கருவறைமேல் எழும் கோபுரக் கட்டடம்) கல்லிலே வெட்டச் சொல்லும் ஆணை அது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பேச்சு இன்றைக்கும் நமக்கு நேராகப் புரிகிறது. இதை உங்கள் கண்ணாலேயே எழுத்தெழுத்தாக வாசிப்பதன் இன்பத்தை எந்தச் சொற்பொழிவும் தராது.

எழுத்து பிடிபட்டதும் காலக்கணிப்பு. கல்வெட்டின் முன்பகுதியில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியின் தொடக்கமே அரசனைச் சொல்லிவிடும்: 'திருமகள் போல' என்றால் முதலாம் இராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க' என்றால் முதலாம் குலோத்துங்கன். ஆட்சியாண்டைக் கூட்டும்போது ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள். இராஜராஜன் அரியணை ஏறியது 985, ஆகவே 26ஆம் ஆண்டு 1010. எண்களில் ௨௰௯ என்று இருந்தால் 29: இரண்டு, பத்து, ஒன்பது. ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ போலவே இருப்பதால், 'யாண்டு' என்ற சொல்லுக்கு அடுத்து வருவதை முதலில் எண்ணாக வாசித்துப் பாருங்கள்.

கணக்குப் பிரியருக்கு இங்கே பெரிய விருந்து இருக்கிறது. நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) 'சாவா மூவாப் பேராடு', அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள், கொடுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் சொல்லும் கல்வெட்டுகள் ஏராளம். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். 360 நாளுக்கு எவ்வளவு நெய்? 90 நாழி, அதாவது 11 குறுணி 2 நாழி, ஒரு கலத்துக்கு ஆறு நாழி குறைவு. நிலத்துக்கு வந்தால் 20 மா ஒரு வேலி, மாவில் கால் பங்கு காணி. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், சுடோகு பக்கம் திரும்ப மாட்டீர்கள்.

ஒருவராகப் படித்தால் மூன்றாம் மாதத்தில் சோர்வு வரும். மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மறுக்க வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கல்லைக் குறை சொல்வதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்புரை, பழைய கண்ணாடி, காது மந்தம் ஆகியவை கற்றலைக் கெடுப்பதை வயது என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுவது என்றால் படிப்பு மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள்.

கோயிலில் படம் எடுக்க முதலில் அனுமதி கேளுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுங்கள், உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். நிழலான இடத்தில் டார்ச்சைச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் ஓரம் நிழலோடு எழும். ஒரே வரியை இடமிருந்தும் வலமிருந்தும் ஒளி விழும்படி இரண்டு படம் எடுங்கள். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள், கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். சுண்ணாம்பு அடித்து மூடிய எழுத்தை நீங்களே சுரண்டி எடுக்கவும் வேண்டாம். எங்கும் பதிவாகாத கல்வெட்டு என்று தோன்றினால் இடம், திசை, வரி எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, படத்தோடு தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.