பட்டறைப் பதில்கள்: திரும்ப அடம்பிடிக்கும் சாவி

கேள்வி: என்னிடம் 2003 மாடல் மாருதி 800 இருக்கிறது. கொஞ்ச நாளாக இக்னிஷனில் சாவி லேசில் திரும்புவதில்லை. உள்ளே போட்டு, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன். முதலில் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். லாக்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பழநி

பதில்: அவசரப்படாதீர்கள் சார். "ஒரு நூல் வெளியே இழுத்தால் திரும்புகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே எனக்குச் சாவி மேல்தான் சந்தேகம். லாக்குக்குள் வரிசையாக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொடி ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். ஒரே ஒரு தகடு துருத்திக்கொண்டு நின்றாலும் சுழலாது. இருபது வருஷம் உழைத்த சாவியில் அந்த வெட்டுகள் மழுங்கிப்போயிருக்கும். வெயிலில் பிடித்துப் பாருங்கள், மேடுகள் பளபளவென்று வழுக்கையாக இருக்கும்.

வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் தூங்கிக்கொண்டிருக்குமே, அதைப் போட்டுப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால் லாக் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சாவியைக் கொடுத்தே டூப்ளிகேட் போடுங்கள். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுத்துக்கொடுப்பார்கள். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டதா? இடது பக்கக் கதவின் பூட்டைக் கழற்றிச் சாவி போடுபவரிடம் கொடுங்கள். அந்தப் பூட்டை யாரும் அதிகம் திறந்திருக்க மாட்டார்கள். உள்ளே தகடுகள் புதுசு மாதிரி இருக்கும். அதன் அளவை வைத்தே புதுச்சாவி வெட்டலாம்.

இன்னொன்றும் பாருங்கள். சக்கரத்தை ஒடித்து நிறுத்தும் பழக்கம் உண்டா? ஸ்டீயரிங் பூட்டின் இரும்பு நாக்கு இறுகிக்கொண்டாலும் சாவி திரும்பாது. ஒரு கையால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்புங்கள். இடுக்கி போட்டு மட்டும் திருப்பாதீர்கள். சாவி உள்ளேயே முறிந்தால் அது தனிச் செலவு.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் லாக்குக்குள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தவிர, எண்ணெய் எதுவாக இருந்தாலும் தூசியைச் சேர்த்துக் கறுப்புக் களிம்பாக்கிவிடும். பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்வது) சாவித் துளைக்குள் அடியுங்கள். சாவியைப் போட்டுப் போட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியில் துடையுங்கள். அழுக்கு வருவது நின்று, உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை. கிடைக்காவிட்டால் 6பி பென்சிலைச் சாவியில் கறுப்பாகத் தேய்த்துப் போட்டாலும் போதும். ஈரம் இருக்கும்போதே போட்டால் மறுபடியும் களிம்புதான்.

இதற்கும் மசியவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். அந்த லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலை, மாட்டும்போதே முறிந்துவிடும்படி செய்தவை. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு, மெக்கானிக்கையும் படுத்தும். உளி வைத்துத் தட்டியோ துளை போட்டோதான் எடுக்க வேண்டும். கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கோபிக்காதீர்கள்.

வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே கொத்தில் தொங்குகிறதா? பிரித்துவிடுங்கள். 2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. கொத்தின் எடையிலேயே ஓடும்போது சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவித் திரும்பி எஞ்சின் அணைந்தது, ஏர்பேக்கும் விரியவில்லை. 124 பேர் இறந்ததை நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்டது. அது உள்ளே இருக்கும் சுவிட்சின் குறை, உங்கள் வண்டியில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எடை தொங்கினால் தேய்மானம் கூடும்.

கேள்வி: வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் சில நேரம் சாவி பின்னால் வருவதில்லை, 'கர்ர்' என்று சத்தம் கேட்கிறது. ஓட்டலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: ஓட்டாதீர்கள் அம்மா. எஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிற சத்தம் அது. மோட்டார் எரியும், அது கோத்துச் சுற்றுகிற எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலின் பல்லும் போகும். கையால் சாவியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் வண்டியை அணைத்துவிட்டு பேட்டரி கம்பியைக் கழற்றுங்கள். லாக்கின் ஸ்பிரிங், அதன் பின்னாலிருக்கும் சுவிட்ச் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் சுவிட்சை மட்டும் தனியாக மாற்றலாம்; முழு லாக்குக்குப் பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.