மூன்று பிரிவுகளில் தலா 10 ஆண்டு என்றால் 30 ஆண்டா?

கேள்வி: என் தம்பியின் காரில் 24 கிலோ கஞ்சா பிடிபட்டது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20, 25, 29 ஆகிய மூன்று பிரிவுகளிலும் தலா 10 ஆண்டு சிறை, தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் தலா ஓராண்டு சிறை என்று சிறப்பு நீதிமன்றம் சென்ற மாதம் தீர்ப்பளித்தது. தம்பி 30 ஆண்டு உள்ளே இருக்க வேண்டுமா? இரண்டு லட்சம் கொடுத்தால் மூன்றையும் ஒரே தண்டனையாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்திலேயே "சிறைத் தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்ற உத்தரவு இருக்கிறது. மூன்று பத்தும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களும் அதில் கழியும். நீதிபதி ஏற்கெனவே செய்துவிட்டதைத்தான் அந்த மனிதர் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார். தீர்ப்பை ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்தால் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு என்ன புரியும்? இந்தத் தரகர்கள் பிழைப்பதே அதனால்தான்.

கஞ்சா கடத்தியது ஒரு குற்றம், அதற்குக் காரைக் கொடுத்தது இன்னொன்று, கூட்டுச் சதி மூன்றாவது. சட்டத்தின் கண்ணில் மூன்றும் தனித்தனி. மூன்றிலும் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். ஆனால் ஒரே சம்பவத்திலிருந்து கிளைத்தவை என்பதால் தண்டனைகளை ஏககாலத்தில் ஓட விடுவதே பொது நடைமுறை. உச்ச நீதிமன்றம் 1988இலேயே இதைச் சொல்லியிருக்கிறது. வேறு நாளில், வேறு இடத்தில் பிடிபட்ட இன்னொரு வழக்கு இருந்தால் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. தனித்தனி ஹெராயின் வழக்குகளில் 12 ஆண்டும் 15 ஆண்டும் தண்டனை பெற்ற ஒருவருக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது அபராதத்தைப் பற்றி. அபராதம் கட்டாததற்கான சிறை ஏககாலத்தில் ஓடாது. ஓட விடும்படி நீதிமன்றமே உத்தரவிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மூன்று அபராதத்தையும் கட்டாவிட்டால், 10 ஆண்டு முடிந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மேலும் மூன்று ஆண்டு. விசாரணைக் காலச் சிறை நாட்கள் இதில் கழியாது. ஒரு அபராதத்தைக் கட்டினால் ஓராண்டு குறையும். பாதி கட்டினால் அதற்கேற்ற விகிதத்தில் குறையும். உள்ளே இருக்கும்போது கட்டினாலும் மீதி நாட்கள் நீங்கும். தரகர் கேட்கும் அதே இரண்டு லட்சத்தை நீதிமன்றத்தில் ரசீதுடன் செலுத்தினால் இரண்டு ஆண்டு உறுதியாகக் குறையும்.

அதற்கு முன்பு மேல்முறையீடு செய்யுங்கள். தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு மாதம் போய்விட்டது, இனித் தாமதிக்காதீர்கள். தண்டனையை எதிர்ப்பதோடு, அபராதத்துக்கான சிறைக் காலத்தைக் குறைக்கும்படியும் மனுவில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு போதைப்பொருள் வழக்கில் மூன்று ஆண்டாக இருந்ததை 2007இல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாகக் குறைத்தது. ஒரு லட்சம் கட்ட வழியில்லாதவன் கூடுதலாக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடப்பதை, அச்சடித்த படிவத்தை நிரப்புவதுபோல் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சிறை அதிகாரி மூலமாகவோ உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு நேராகவோ விண்ணப்பிக்கலாம்.

அந்த மனிதர் திரும்பி வந்து, "நன்னடத்தை காட்டி ஆறே ஆண்டில் வெளியே கொண்டுவருகிறேன்" என்பார். இந்தச் சட்டத்தின் 32ஏ பிரிவு, இத்தகைய வழக்கில் தண்டனைக் குறைப்பையே தடுக்கிறது. அதற்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.