டாம் சரிகிறது, சத்தமும் அடங்குகிறது

கேள்வி: எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குப் பழைய டிரம் செட் வாங்கினோம். அதில் 12, 13 அங்குல டாம்கள் (பேஸ் டிரம்முக்கு மேலே வரும் சின்ன டிரம்கள்). அவற்றைத் தாங்கும் ஹோல்டர் இல்லாததால் கடையில் வாங்கி மாட்டினோம். வாசிக்கும்போது ஹோல்டரின் ராட் (கம்பி) சுற்றி டாம் சரிகிறது. சத்தமும் ‘டொப்’ என்று நின்றுவிடுகிறது. ரிம்ஸ் மவுண்ட் என்கிற தாங்கியைப் போட்டால் இரண்டும் சரியாகிவிடுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. ராட் சுற்றுவது அளவு பொருந்தாததால்தான். எல் ராட் (L வடிவில் வளைந்த ராட்) பெரும்பாலும் 9.5 அல்லது 10.5 மி.மீ. தடிமன்தான், 12.7 மி.மீ. கூட உண்டு. 10.5 துளையில் 9.5 ராட் சுலபமாக உள்ளே போய்விடும், பிடிக்கத்தான் செய்யாது. பேப்பர் சுற்றிச் சொருகி விங் நட்டை இறுக்காதீர்கள், மரை போய்விடும். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி, டாம் பிராக்கெட்டின் (டாமில் ராட் நுழையும் பிடி) துளையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பேர்ல் கம்பெனியின் பழைய செட்டாக இருந்தால் கதையே வேறு: அதில் 22.2 மி.மீ. குழாய் ஷெல்லுக்குள்ளேயே (டாமின் உருளை உடல்) நுழையும், எல் ராட் உதவாது. சரியான ராட் கிடைத்ததும் மெமரி லாக்கையும் (ராட் சுற்றாமல் அதே நிலையில் நிறுத்தும் வளையம்) மறக்காமல் போடுங்கள்.

அப்புறம் சத்தம். காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். டாமைக் கழற்றி, ஒருவர் மேல் வளையத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடிக்கட்டும். இன்னொருவர் நடுவில் ஒரே ஒரு அடி. கையில் நீளமாக ஒலித்து, மாட்டினால் அடங்குகிறதா? ஷெல்லின் அதிர்வை ஹோல்டர் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். கையிலும் ‘டொப்’ என்றால் தோலைப் பாருங்கள், முக்கியமாக அடித்தோலை. பழைய செட் வாங்குகிற பலர் அதை மாற்றுவதே இல்லை!

ஹோல்டர்தான் காரணமென்றால் ரிம்ஸ் நல்ல வழி. அமெரிக்கரான கேரி காகர் உருவாக்கியது. ஷெல்லைத் தொடாமல், தோலை இறுக்கும் திருகுகளான டென்ஷன் ராட்கள் வழியாக, ரப்பர் வளையங்களில் டாமைத் தொங்கவிடும். கடையில் டாமின் விட்டத்தோடு லக் (டென்ஷன் ராட் திருகி ஏறும் ஷெல் பிடி) எண்ணிக்கையையும் சொல்லுங்கள். 12 அங்குலத்தில் 5 லக்கும் உண்டு, 6 லக்கும் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. வாசிக்கும்போது டாம் கொஞ்சம் ஆடும், தோல் மாற்றுவதும் கூடுதல் வேலை. மற்றபடி அந்த ஒலிக்காக எந்தச் சிரமமும் படலாம் என்பேன்.

ஹோல்டர் மாட்டுவதற்காகப் பேஸ் டிரம்மில் புதிதாகத் துளை மட்டும் போட்டுவிடாதீர்கள். டாமை சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப் வைத்து மாட்டலாம். ஸ்டாண்டின் ஒரு கால் டாமுக்கு நேர் கீழே வரட்டும்.