பின்னுக்குள்ள பேஸ்ட் போயிருச்சு, என்ன பண்றது?

கேள்வி: சார் வணக்கம். கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் தாங்கலன்னு கூலர கழட்டுனேன், அடியில இருந்த புரோசசரும் அதோட ஒட்டிக்கிட்டு பிடுங்கிட்டு வந்துருச்சு (ரைசன் 5 3600). பதட்டத்துல கைய வச்சதுல தெர்மல் பேஸ்ட் (சூட்ட கூலருக்கு கடத்த தடவுற பசை) புரோசசர் அடியில இருக்கற ஊசி மாதிரி பின்னுக்கு நடுவுல அப்பிக்கிச்சு. லோயாட் பிளாசா மால்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில காட்டுனா, தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குங்கறாங்க. அவ்ளோதானா?
- வாசகர், செந்தூல்

பதில்: தூக்கியெல்லாம் போடாதீங்க தம்பி! சாம்பல் அல்லது வெள்ளை கலர் சாதா பேஸ்ட்டுன்னா அதுல இருக்கறது பெரும்பாலும் சிலிகான் எண்ணெயும் ஜிங்க் ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு மாதிரி பொடியும்தான், அது கரண்ட் கடத்தாது, அதனால ஷார்ட் ஆயிருமோன்னு பயம் வேணாம், ஆனா போர்டுல புரோசசர் மாட்டற சாக்கெட் ஓட்டைக்குள்ள போச்சுன்னா காண்டாக்ட் விட்டுப்போய் ஒரு ரேம் ஸ்லாட்டே காட்டாம அடம் பிடிக்கும். லிக்விட் மெட்டல்னா மட்டும் கதையே வேற, அது கேலியம், நல்லாவே கடத்தும், அத நீங்களா நோண்டாதீங்க.

உங்களுக்கு உண்மையான எதிரி பேஸ்ட் இல்ல, உங்க கை. உங்களோடது மாதிரி ஏஎம்4 சாக்கெட் புரோசசர்ல 1331 பின்னு, ஒண்ணு வளைஞ்சாலும் உள்ள இறங்காது. 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்க. ஃபார்மசியில கிடைக்கற 70%-ல மிச்சம் தண்ணி, வேற இல்லன்னா அதுவும் ஆகும், காய லேட்டாகும், அவ்ளோதான். நெய்ல் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல்னு யாராச்சும் ஐடியா குடுத்தா காதுல வாங்காதீங்க. புரோசசர ஓரத்துல பிடிச்சு, புது சாஃப்ட் டூத்பிரஷ்ஷ ஆல்கஹால்ல நனைச்சு, பின்னு வரிசை போற பக்கமா தலை வார்ற மாதிரி மெதுவா இழுங்க, குறுக்கால தேய்க்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷ டிஷ்யூல தொடைச்சிக்கோங்க, இல்லன்னா ஒரு மூலையில இருந்த பேஸ்ட்ட எல்லா பின்னுக்கும் பங்கு போட்டு குடுப்பீங்க. காஞ்சு இறுகிப்போயிருந்தா கொஞ்ச நேரம் ஆல்கஹால்ல ஊற வைங்க. காட்டன் பட் வேணாம், பஞ்சு நூல் மாட்டிக்கும். சாமி விளக்கு, அடுப்பு பக்கத்துல வச்சு செய்யாதீங்க, குப்புன்னு பத்திக்கும்.

அப்புறம் வெளிச்சத்துல சைடுல இருந்து வரிசைய பாருங்க. சாஞ்ச பின்ன, லெட் எடுத்துட்ட மெக்கானிக்கல் பென்சில் மூக்க மாட்டி கொஞ்சம் கொஞ்சமா நிமித்தலாம். நல்லா காய விடுங்க, நம்ம ஊரு ஈரக்காத்துல அவசரப்படாதீங்க. மாட்டறப்போ லீவர தூக்கிட்டு, தங்க முக்கோணத்த சாக்கெட் முக்கோணத்தோட சேத்து வைங்க, தானா இறங்கணும், அமுக்கக் கூடாது. அடுத்த தடவ கழட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு, கூலர இடமும் வலமுமா திருகி எடுங்க.

கேள்வி: எனக்கு இண்டெல் மதர்போர்டு, பேஸ்ட்டு சாக்கெட்லயே விழுந்துருச்சு. இதே மெத்தட்தானா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஐயோ, பிரஷ்ஷ கீழ வைங்க! இண்டெல் 2004-லயே எல்ஜிஏ 775 சாக்கெட்ல பின்ன புரோசசர்ல இருந்து போர்டுக்கு மாத்திட்டான், ரைசன் செய்யற ஏஎம்டியும் 2022-ல ஏஎம்5 சாக்கெட்ல அதே வழி. அது நிமிர்ந்து நிக்கற பின்னு இல்ல, சாஞ்ச ஸ்பிரிங்கு, பிரஷ் முடி மாட்டி இழுத்தா போச்சு. பவர் வயர பிடுங்கிட்டு, ஆல்கஹால சொட்டா விட்டு, நூல் விடாத டிஷ்யூ முனையால ஒத்தி மட்டும் எடுங்க. கை நடுங்குச்சுன்னா ரிப்பேர் கடையில குடுத்துருங்க, போர்டு விலைய நினைச்சா அந்தக் கூலி ஒண்ணும் பெருசில்ல.