வீதத்த விடுங்க, எத கழிச்சிருக்காங்கன்னு பாருங்க

கேள்வி: அக்கா, எனக்கு தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டம். அம்மா இன்னும் கொழுந்துக்குத்தான் போறாங்க. நான் பேராதனை கெம்பஸ்ல எகனொமிக்ஸ் முடிச்சிட்டு ஆறு மாசமா கொழும்புல ஒரு கம்பெனியில இருக்கேன், அமெரிக்காவுல உள்ள கன்சல்டன்ட்மாருக்கு டேட்டா வேல செஞ்சு குடுக்குற இடம். இப்ப அங்க ஒரு மாநிலத்தோட முழு வரி முறையையும் ஆராயணுமாம், முதல் டிராஃப்ட் நான் செய்யணுமாம். எக்செல் ஷீட்ல இருபது வருஷக் கணக்கு கெடக்கு, எங்க தொடங்குறதுன்னே வெளங்கல. அப்பா வேற "லயத்துல பொறந்த புள்ளைக்கு அமெரிக்கா வரியப் பத்தி என்னா தெரியும்"னு சிரிக்கிறாரு. (பேர் போட வேணாம்)

பதில்: சிரிக்கட்டும் தங்கச்சி. 1958ல கேம்பிரிட்ஜ்ல இருந்து நிக்கலஸ் கல்டோர்னு ஒரு பொருளியலாளர் இங்க வந்து, செலவு பண்றதுக்கும் வரி போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு, அடுத்த வருஷமே போட்டாங்க. அவருக்கு நம்ம தோட்டத்தப் பத்தி என்னா தெரியும்னு யாராச்சும் கேட்டாங்களா?

ஷீட்ட கொஞ்சம் மூடி வச்சிட்டு அம்மாவோட சம்பளத் துண்ட எடுங்க. 2021ல நாள் சம்பளம் 1000 ரூவான்னு வந்தப்ப ஊரெல்லாம் அதே பேச்சு, ஆனா எத்தன வீட்டுல கைக்கு வந்த காசு கூடுச்சு? ஒரு நாளைக்கு பறிக்க வேண்டிய கிலோவ கூட்டுன தோட்டம் இருக்கு, வேல நாள கொறச்ச தோட்டம் இருக்கு, கிலோ பத்தலன்னு அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம், போட்டதும் இருக்கு. 1000ங்கிறது வீதம். அது எத்தன நாளுக்கு விழுந்துச்சுங்கிறதுதான் அம்மாவுக்கு சம்பளம். வரியும் அப்புடித்தான், வீதம் பெரிய எழுத்துல நிக்கும், அது எதுக்கு மேல விழுது எத சும்மா விட்டிருக்குங்கிறது உள்ளுக்க ஒளிஞ்சு கெடக்கும்.

அமெரிக்காவுல நெறைய மாநிலங்கள் விற்பனை வரிய கொண்டு வந்தது 1930கள்ல, பொருளாதாரம் படுத்த காலத்துல. அப்ப சனம் காசு குடுத்து வாங்குனது சாமான், இப்ப பாதிக்கு மேல சேவைக்குத்தான் போகுது, சலூன், வக்கீல், டாக்டர், ரிப்பேர் வேலன்னு. இதுல பலதுக்கு நெறைய மாநிலத்துல இன்னும் வரி இல்ல, அதனால சனம் செலவு செய்றது கூடிக்கிட்டே போகும், வரி அதுக்கு ஈடா கூடாது, கடைசியில வீதத்த ஏத்துவாங்க. அதனால ஷீட்ட திறந்த உடனே பக்கத்துல ஒரு கொலம் போட்டு எந்த வருஷம் வீதத்த மாத்துனாங்க, எந்த வருஷம் எத வரியில இருந்து எடுத்தாங்கன்னு எழுதிருங்க. இல்லாட்டி சட்டத்தால கூடுனதும் தானா வளந்ததும் கலந்துரும். விலைவாசி ஏறுனதையும் கழிச்சுப் பாக்கணும், அது சொல்லாமலே தெரியும்.

பக்கத்து மாநிலத்தோட ஒப்பிடுறப்ப ஒரு வரிய மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க. டெக்சாஸ்ல சம்பளத்துக்கு மாநில வருமான வரி கெடையாது, ஆனா வீட்டுக்கு போடுற வரி, நம்ம சோலை வரி மாதிரி, அங்க தலைய பொளக்கும். ஒரிகன்ல விற்பனை வரி இல்ல, வருமான வரி உண்டு. மாநிலத்தோடதையும் உள்ளூராட்சியோடதையும் சேத்து, அங்க உள்ள சனத்தோட வருமானத்துல எத்தன வீதம்னு போட்டாத்தான் ஒப்பீடு.

கான்சாஸ் மாநிலத்துக் கதைய கட்டாயம் படிங்க. 2012ல கவர்னர் பிரவுன்பேக் வருமான வரிய கொறச்சதோட, சின்ன கம்பெனிக்காரங்க, பங்குதாரர்மாரோட வியாபார வருமானத்துக்கு மாநில வரியே இல்லன்னுட்டாரு. சுமார் 2 லட்சம் பேருக்குத்தான் இது படும்னு கணக்கு போட்டாங்க, எடுத்தவங்க 3 லட்சத்த தாண்டிட்டாங்க. வழி இருந்தா மனுசன் அந்த வழியால போவான்தானே. மாநிலத்தோட வரும்படி விழுந்து, 2017ல அவரோட கட்சி ஆளுங்களே இருந்த சட்டசபை அவரு வீட்டோ போட்டு (கவர்னரோட அதிகாரத்துல) தடுத்ததையும் மீறி அத திருப்புச்சு. அந்தத் திட்டத்துக்கு ஆலோசன சொல்ல ஆர்தர் லாஃபர்ங்கிற பொருளியலாளருக்கு அரசு 75,000 டொலர் குடுத்திருந்துச்சு, கன்சல்டன்ட் தொழில்ல இருக்கப் போறீங்க, இதையும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

நம்ம நாட்டுலயும் நடந்ததுதான். 2019 கடைசியில வற் (VAT) வரிய நூத்துக்கு 15ல இருந்து 8க்கு கொறச்சத எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா வற்றுக்கு பதியணும்ங்கிற வருஷ விற்பனை எல்லைய 12 மில்லியன் ரூவாயில இருந்து 300 மில்லியனுக்கு தூக்கி, அதுக்கு கீழ உள்ளவங்கள வெளிய விட்டத எத்தன பேர் பேசுறாங்க? 2024 ஜனவரியில வீதம் 18க்கு வந்து நின்னுச்சு.

அடுத்தது யாரு சொமக்குறான்னு பாக்குறது, எனக்கு இந்த வேலையில புடிச்ச பகுதியே இதான். வரி ஃபைலே இல்லாத உங்க அம்மா தோட்டத்துக் கடையில சவுக்காரம் வாங்குறப்ப வற் கட்டுறாங்க, கடைக்காரர் கட்டுறாருன்னு சொன்னாலும் காசு அம்மாவோடது. வாஷிங்டன் மாநிலத்துலயும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாம விற்பனை வரிய ரொம்ப நம்பி ஓட்டுறதால, கொறஞ்ச வருமானக்காரங்க தங்கட வருமானத்துல பெரிய பங்கு வரியா குடுக்குறாங்க. மினசோட்டாவோட வரித் திணைக்களம் இந்தக் கணக்க தானே போட்டு வெளியிடுது, அத டவுன்லோட் பண்ணி அட்டவணை எப்புடி போட்டிருக்காங்கன்னு பாத்துக்கங்க, பாதி டிராஃப்ட் அதுலயே கெடைக்கும்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒன்னு கேளுங்க. ஒப்பந்தத்துல மொத்த வரும்படி மாறக்கூடாதுன்னு இருக்கா இல்ல கூட்டச் சொல்றாங்களா? மாறக்கூடாதுன்னா ஒருத்தருக்கு கொறைக்கிற ஒவ்வொரு டொலரும் இன்னொருத்தர் தலையில ஏறும், அது யாருன்னு உங்க டிராஃப்ட் சொல்லணும். வாய்ப்பேச்சா கேக்காதீங்க, ஈமெயில்ல கேளுங்க, பொறவு நான் அப்புடி சொல்லலன்னு யாரும் நிக்க ஏலாது.