தரிசில் கல் நட்டவர்கள் யார்?

கேள்வி: எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் இளைஞர்களுக்கு டாஸ்மாக்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தரிசு முழுக்க விளையாட்டாக இருந்தது. இப்போதைய பையன்களுக்கு உடம்பை வளைக்கத் தெரியவில்லை, குடிக்க மட்டும் தெரிகிறது. கடைகளை மூடினால்தான் இவர்கள் திருந்துவார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், விளாத்திகுளம் வட்டாரம்

பதில்: கடையை மூட வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. 2003-இல் அரசே சில்லறை விற்பனையில் இறங்கியது பெரும் தவறு என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது வரவேற்கவும் செய்தேன். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

தரிசு முழுக்க விளையாட்டாக இருந்தது என்கிறீர்கள். அது தானாக இருந்ததா? நம் கரிசல் காட்டில் விளையாட்டுக்கும் ஒரு பருவம் உண்டு. புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை. அப்போது கரிசலில் கால் வைத்தால் அடிக்கு அடி மண் ஒட்டிக்கொண்டு பாதமே இரண்டு மடங்காகிவிடும், பந்து உருளாது. தை, மாசியில் கம்பும் உளுந்தும் மிளகாயும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் புஞ்சை காலியாகும். பங்குனியில் சோளக்கட்டைகளைப் பிடுங்கி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மண்ணைத் தட்டிக் கபடிக்குக் களம் போடுவார்கள்.

அந்த வேலையைப் பையன்கள் மட்டுமா செய்தார்கள்? தன் புஞ்சையை இரண்டு மாதத்துக்கு விட்டுக்கொடுத்த சம்சாரி ஒருவர் இருந்தார். செம்மண் அடிக்க மாட்டுவண்டி கொடுத்தவர் இருந்தார். கம்பம் நட்டு விளக்குக் கட்டியவர் இருந்தார். கடைசி ஆட்டம் முடியும்வரை வரப்பைவிட்டு எழுந்திருக்காத தாத்தாக்கள் இருந்தார்கள். யார் வீட்டுப் பையன் எந்தப் பக்கம் பாய்வான் என்று அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் பிறந்தபோதே விளையாட்டு அங்கே இருந்ததாக நினைக்கிறீர்கள். உங்களுக்கு மூத்தவர்கள் ஆண்டுதோறும் அதை உண்டாக்கித் தந்தார்கள். இன்று அதே புஞ்சை மனைக்கல் நட்டுக் கிடக்கிறது. அந்தக் கல்லை நட்டவர்கள் பையன்கள் இல்லை. மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை பிள்ளைகளை டியூஷனில் உட்கார வைத்ததும் பையன்கள் இல்லை.

ஒரே பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய்விடலாம் நீங்கள். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்யும் ஊர் அது. நம்முடைய அதே மண், அதே வெயில், அதே கூலி. அங்கும் டாஸ்மாக் இருக்கிறது. ஆனால் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அவரோடு ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர்; ஹாக்கி கற்றுக்கொள்ளக் கோவில்பட்டி விடுதிக்கு வந்தவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அவர்தான். ஓர் ஊர் ஒரு விளையாட்டைக் கைவிடாமல் வைத்திருந்ததால், வேறு மாவட்டத்துப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்தது.

விளையாட்டு வந்தால் குடி ஓடிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். எனக்குக் கபடி சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர், மூச்சு விடாமல் எதிர்க்களத்தின் கடைசிக் கோடுவரை பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவார். 42 வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். அவருக்கு முதல் பாட்டிலை வாங்கிக் கொடுத்தவர், அன்று மேடையில் அவருக்குக் கோப்பை கொடுத்த அதே பிரமுகர். வெற்றி பெற்ற இரவு, களத்துக்குப் பின்னால் இருந்த வேலிக்கருவை மறைவில் அது நடந்தது. சிறுவனாக நான் அதைப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த வழக்கம் போகவில்லை. கோப்பைக்கு ஒருவர், ஜெர்சிக்கு ஒருவர், இரவுக் 'கவனிப்பு'க்கு ஒருவர் என்று நன்கொடையாளர்களைப் பிடிக்கிறார்கள். அந்த மூன்றாமவரிடம் போய் "வேண்டாம் ஐயா" என்று சொல்லும் வயதும் மரியாதையும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனால் அதைச் சொல்ல முடியாது.

பங்குனி, சித்திரை என்றால் நம் பக்கத்தில் பதநீர்க் காலமும்கூட. விடிவதற்கு முன் பனையேறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தை இறக்குவார்கள். காலை ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்து, ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்த அந்த இனிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. ஆட்டம் முடிந்த பிள்ளைக்குத் தாகம் எடுக்கும். அப்போது அவன் கையில் எதைக் கொடுப்பது என்பது பக்கத்தில் நிற்கும் பெரியவரின் பொறுப்பு. நீங்கள் கடைசியாக எப்போது களத்தின் ஓரம் ஒரு மணி நேரம் நின்றீர்கள்?

மாசி முடியப்போகிறது. மனையாகாத புஞ்சை உங்கள் ஊரில் ஒன்றாவது மிச்சம் இருக்கும். அதன் சொந்தக்காரரிடம் சித்திரை வரைக்கும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, மாலையில் மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பூட்டுக்கும் சாவிக்கும் நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். களம் தயாரானதும் ஒரு அஞ்சலட்டை போடுங்கள். வலையும் பந்தும் எங்கள் அலுவலகத்திலிருந்து வரும், முதல் ஆட்டத்துக்கு நானும் வருகிறேன். கோப்பை கொடுக்க யாரை அழைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் அந்த அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.