நான்கு நாள் முன்பு வாங்கிய லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒருவகைப் பல்லி) கையைக் கண்டாலே வாலை ஆட்டுகிறது, சாப்பிடவும் மறுக்கிறது. எப்படிப் பழக்குவது? துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

வந்து நான்கு நாள்தான் ஆகிறது என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். புது இடத்துக்கு வந்த கெக்கோ பத்துப் பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வளர்ந்ததென்றால் வாலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்றுங்கள். குட்டிக்கு அந்தச் சேமிப்பு குறைவு. ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை, எடையும் இறங்குகிறது என்றால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

பழக்குவதைப் பற்றி யோசிக்கும் முன் அது வாழும் டேங்கின், அதாவது கண்ணாடித் தொட்டியின், தரைச் சூட்டை அளந்து பாருங்கள். சூடு போதாத கெக்கோவுக்கு இரை செரிக்காது, அதனால் சாப்பிடாது. மந்தமாக, பயந்தபடியே கிடக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். அது காட்டுவது சுவரோரக் காற்றின் சூடு. கெக்கோ வயிறு பதித்துப் படுப்பது தரையில். ஒயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரையோ தொடாமலே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் கன்னையோ வைத்து, சூடான பக்கத்தின் தரையை அளவிடுங்கள். அங்கே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் 24, 25 போதும். இரவில் 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை.

டேங்குக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட் (மின்சாரச் சூட்டு விரிப்பு) இருந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாத மேட் தரையை 45 டிகிரிக்கும் மேலே கொண்டுபோய் வயிற்றைச் சுட்டுவிடும். தெர்மோஸ்டாட் இருந்தும் சுட்டுவிடுவது எப்போது தெரியுமா? சென்சார் இடம் நழுவிப்போகும்போதுதான். விலகிக் கிடக்கும் சென்சார் அறையின் குளிர்ச்சியை அளந்து, இன்னும் சூடேறவில்லை என்று மேட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை சென்சார் இடத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அதை ஒட்டும் டேப் டேங்குக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே ஒட்டினால், என்றாவது ஒருநாள் கெக்கோவின் தோல் அதில் ஒட்டிக் கிழியும்.

அடுத்தது மறைவிடங்கள். மூன்று வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமான பாசியோ ஈர டிஷ்யூவோ போட்ட மூடிய டப்பா ஒன்று. உள்ளே நுழைந்தால் முதுகு கூரையில் உரசுகிற அளவுக்கு இடுக்காக இருந்தால்தான் அதற்குப் பத்திரமாகத் தோன்றும். ஒளிய இடம் இருக்கிற கெக்கோதான் தைரியமாக வெளியே வரும். கால்சியம் மணல் என்று விற்பதைப் போடாதீர்கள். தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். ஆரம்பத்துக்கு டிஷ்யூ பேப்பரே நல்லது, கழிவு எப்படிப் போகிறது என்பதும் தெரியும்.

இவையெல்லாம் சரியாகி, இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு பழக்கத் தொடங்கலாம். அந்தி நேரம்தான் அது தானாக எழுந்து நடமாடும் நேரம். கையைக் கழுவிவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்கும்படி டேங்கின் தரையில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். பக்கத்தில் வந்து நக்கிப் பார்க்கும். மணத்தை அறிவது அப்படித்தான், பயப்பட வேண்டாம். சில நாள் இதை மட்டும் செய்யுங்கள். அதுவாகக் கையில் ஏறத் தொடங்கியதும், பக்கவாட்டிலிருந்து விரல்களை மார்புக்குக் கீழே கொடுத்து, நான்கு காலும் தாங்கப்படும்படி தூக்குங்கள். மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதாகத்தான் அதற்குப் படும்.

நீங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டே கையில் எடுங்கள். வீட்டுப் பல்லிக்கு இருக்கும் ஒட்டும் பாதம் இதற்குக் கிடையாது. விழுந்தால் அப்படியே விழும். முதலில் ஐந்து நிமிடம், போகப்போகப் பதினைந்து நிமிடம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இரை தின்ற அன்று வேண்டாம். உடல் வெளுத்து மங்கினால் தோலுரிக்கப் போகிறது, அப்போதும் வேண்டாம். உரித்து முடித்ததும் விரல் நுனிகளைப் பாருங்கள். அங்கே மோதிரம் போலத் தோல் மிஞ்சினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரலே போய்விடும். விரல் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்கவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள்.

வாலாட்டத்தில் இரண்டு வகை உண்டு. வாலைத் தூக்கி, பாம்பு நெளிவதுபோல மெதுவாக அசைத்தால் ‘கிட்டே வராதே’ என்று அர்த்தம். உங்களுடையது இந்த வகை என்றே நினைக்கிறேன். கையைச் சட்டென்று இழுக்காமல், அப்படியே நிறுத்தி, பிறகு மெல்ல எடுங்கள். நுனி மட்டும் படபடவென்று துடித்தால் இரையைக் குறிவைக்கிறது. வாலைப் பிடித்து மட்டும் தூக்கவே கூடாது, கழற்றிவிட்டு ஓடிவிடும். அப்படிக் கழன்றால் கட்டுப் போடாதீர்கள், களிம்பும் தடவாதீர்கள். டேங்கில் வெறும் டிஷ்யூ விரித்துச் சுத்தமாக வைத்திருந்தால் காயம் தானாக ஆறும். புது வால் முளைக்கும், ஆனால் குட்டையாக, பருமனாக இருக்கும்.

தீனி உயிருள்ள கிரிக்கெட் (சுவர்க்கோழி), டூபியா (ஒருவகைக் கரப்பான்) போன்ற பூச்சிகள்தான். அதன் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. முந்தின நாளே பூச்சிகளுக்குக் கீரை, கேரட் கொடுத்து, போடும்போது கால்சியம் பவுடரில் புரட்டுங்கள். யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லையென்றால் வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியமும் வேண்டும். இல்லாவிட்டால் தாடை மென்மையாகி, கால்கள் வளையும். கையால் ஊட்டாமல் இடுக்கியால் கொடுங்கள், கையை இரையென்று நினைக்காது. தின்னாத கிரிக்கெட்டை உள்ளேயே விட்டுவைத்தால் அது கெக்கோவையே கடிக்கும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். சாப்பிட்டும் வால் மெலிந்துகொண்டே போனால் கழிவைச் சேகரித்து மருத்துவரிடம் பரிசோதிக்கக் கொடுங்கள். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இவை தனித்து வாழ்பவை. ஆணும் ஆணும் சேர்ந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண்களிலும் ஒன்று சூடான இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பட்டினி போட்டுவிடும்.